இடது கைக்கு விளக்கெண்ணெய், வலது கைக்குக் கடுகெண்ணெய்

நெய்வேலியில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் என்னிடம் "கேரளாவா?" என்று கேட்டார்கள். ஒருவர் ஆட்டோக்காரர். இன்னொருவர் தேநீர்க் கடைக்காரர். மூன்றாமவர் யாரென்றே தெரியாது, கடையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர். மட்டக்களப்பு என்றேன். "அது கேரளாவுல எந்தப் பக்கம்?" என்று ஆட்டோக்காரர் அக்கறையாக விசாரித்தார். பிறந்ததிலிருந்து தமிழைத் தவிர வேறு மொழி பேசி அறியாத எனக்குத் தமிழ்நாட்டில் வந்து இப்படி ஒரு சோதனை.

இலங்கை என்று சொல்லியும் கடைக்காரர் நம்பவில்லை. ஊரில் குடிக்கிறது போலப் பால் விடாத தேத்தண்ணி ஒன்று கேட்டேன். அவர் மற்றவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "கட்டஞ்சாயா கேக்கறாங்க. நான் அப்பவே சொன்னன்ல, கேரளாதான்."

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரும் பரீதாவின் ஊரும் ஒரு தார் ரோட்டின் இரண்டு பக்கம். இந்தப் பக்கம் நாங்கள், தமிழர். அந்தப் பக்கம் அவர்கள், முஸ்லிம்கள். பேசுவது இரண்டு பக்கமும் தமிழ்தான். இரண்டு பக்கத்து மணலிலும் முந்திரி மரம்தான். பழைய சண்டைக் காலத்தில் இரண்டு பக்கமும் ஆட்களைப் பறிகொடுத்தன. அதற்குப் பிறகு அடிதடி இல்லை. ஆனால் ரோட்டைக் கடந்து அடுத்த பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் அதிகம் இல்லை. பார்த்தால் தலையாட்டுவோம், சுகம் விசாரிப்போம், போய்விடுவோம்.

இப்போது உதவி செய்கிற அலுவலகம் ஒன்று முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு ஊருக்கும் பொதுவாக ரோட்டோரத்தில் ஒன்று கட்டுவதா, ஆளுக்கொரு பக்கம் இரண்டு கட்டுவதா? அதைச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு ஊர்ப் பெண்கள் சங்கத்தின் செயலாளர்கள், அதாவது பரீதாவும் நானும். இருவரும் ஒப்பமிட்டு அறிக்கை கொடுத்தால்தான் செல்லும். இரண்டு என்று எழுதிவிட்டால் அந்த ரோடு இன்னொரு தலைமுறைக்கு அப்படியே கிடக்கும். ஒன்று என்று எழுதி, ஒரு சண்டை வந்து கொட்டகை எரிந்தால் அந்தப் பாவம் எங்கள் தலையில்.

நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உள்ளூர்ப் பெண்களும், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட், ஒடிசாக் குடும்பத்துப் பெண்களும் ஒரே கொட்டகையில் முந்திரி உடைக்கிறார்கள், கல்லெறி வரைக்கும் போன பகை தணிந்திருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள் அலுவலகத்தில். ஒருவருக்குத்தான் இடம் என்றும் சொன்னார்கள். "சரி, நானே போறன்" என்றேன். பிறகு பரீதாவிடம் சொன்னேன். "நல்ல விசயம். சந்தோசமாப் போயிட்டு வாங்க" என்றாள். ஒரு கேள்வி கிடையாது, ஒரு முகச்சுளிப்புக் கிடையாது. சங்க வேலையில் எதற்கெடுத்தாலும் என்னை ஏசுகிறவள் இவ்வளவு இலகுவாக எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

டவுன்ஷிப்பைக் கட்டியவர் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்க வேண்டும். பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர், வட்டம் ஒன்று, வட்டம் இரண்டு என்று எண்கள். ஒரு ரோடுகூட வளையவில்லை. மரங்களும் ஒரே மாதிரி, குவார்ட்டர்ஸ் வீடுகளும் ஒரே மாதிரி. வட்ட எண்ணை மாற்றிச் சொல்லி, தெரு எண்ணையும் வீட்டு எண்ணையும் சரியாகச் சொன்னேன். விளைவாக அச்சு அசலாக அதே போன்ற வேறொரு வீட்டின் முன்னால் பெட்டியோடு நின்றேன். கதவைத் திறந்த பெரியவர் கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

விளங்கவில்லை. மூன்று வருடத் திட்டம், அதற்குப் பிறகு தெரியாது என்றேன்.

"அப்ப கான்ட்ராக்ட்" என்று பெருமூச்சு விட்டார். எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு ஐந்து நாளும் இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இந்த ஊரில் சாதி, மதம், சொந்த ஊர் எல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் இதைத்தான் விசாரிக்கிறார்கள்.

சரியான வீட்டுக்கு வந்தபோது வாசலில் சகாயமேரி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. முந்திரிக் கொட்டகையை நடத்துகிறவர் இவர்தான். அவருடைய வீட்டில்தான் எனக்குத் தங்கல்.

"வாங்க, வாங்க. மெதுவா பேசுங்க. அவரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கறாரு."

பட்டப்பகலில் கிசுகிசுத்துக்கொண்டே சாப்பிட்டோம். இட்லியும் மல்லாட்டைச் சட்னியும். மல்லாட்டை என்பது கச்சான். எங்கள் ஊரில் கச்சானை வறுத்துக் கொறிப்பதோடு சரி, சட்னி ஆகும் என்று தெரியாது. மூன்றாவது இட்லிக்கு வேண்டாம் என்று சத்தமில்லாமல் கையை ஆட்டினேன். வேண்டும் என்று எடுத்துக்கொண்டார் மேரி. ஐந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனோம். வடலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, முந்திரித் தோப்பைத் தாண்டி ஒரு தகரக் கூரை. கிட்டே போகும்போதே கூச்சல் கேட்டது. ஏதோ விபத்து என்று ஓடினேன். மேரி ஓடவில்லை, செருப்பை நிதானமாகக் கழற்றினார்.

உள்ளே இருபது பெண்கள், ஜோடி ஜோடியாக. ஒருத்தி காலால் கட்டையை மிதித்துக் இரண்டு கத்திக்கு நடுவில் கொட்டையைப் பிளக்கிறாள். எதிரே இருப்பவள் ஊசியால் பருப்பை உடையாமல் நெம்பி எடுக்கிறாள். ஜோடிக்கு ஒரு தட்டு. ஜோடியில் ஒருத்தி உள்ளூர், மற்றவள் வடக்கு. இது மேரியின் சட்டம். "தனித்தனியா உக்காந்தா தனித்தனியாதான் பேசுவாளுங்க" என்றார். பேசுவதா? அங்கே நடந்தது பேச்சே அல்ல.

"ஃபேன இந்தாண்ட திருப்பு. உனுக்கு மட்டுந்தான் வேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தாள் தனம். தனலட்சுமி, உள்ளூர்க்காரி, வாட்டசாட்டமான உடம்பு. கட்டையை மிதிக்கிறவள்.

"ஃபேன் உன் அப்பா வாங்குச்சா?" என்று பதில் கொடுத்தாள் எதிரே இருந்த சுனிதா. ஜார்க்கண்டிலிருந்து வந்து நான்கு வருடம். சண்டைக்குத் தேவையான தமிழ் முழுவதும் அவள் கைவசம் இருந்தது.

"அந்த நாத்தம் புடிச்ச எண்ணெயக் கொண்டாராதன்னு எத்தினி வாட்டி சொல்றன்!"

"நாத்தமா? உன் கருவாடு என்ன சென்ட்டா?"

எண்ணெய் விஷயம் இதுதான். முந்திரி ஓட்டில் ஒரு பால் இருக்கிறது, பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கையில் எண்ணெய் பூசிச் சாம்பலில் தொட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உள்ளூர்ப் பெண்கள் விளக்கெண்ணெய் பூசுகிறார்கள். வடக்குப் பெண்கள் கடுகெண்ணெய். எது சிறந்தது என்பது பற்றிக் கொட்டகை திறந்த நாளிலிருந்து வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: பிரச்சினை. அதன் கீழே கோடு போட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் குழம்பினேன். தனம் சுனிதாவின் டப்பாவைத் திறந்து, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கை மூக்கைச் சுளித்துக்கொண்டே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சுனிதா கருவாட்டுக் குழம்பைத் திட்டிக்கொண்டே சோற்றில் ஊற்றினாள். சாப்பிட்டு முடிகிற வரைக்கும் இருவரும் ஒருவர் சாப்பாட்டை மற்றவர் பழித்தார்கள். டப்பா இரண்டும் காலி.

மாலையில் பரீதாவுக்கு அழைத்தேன். இங்கே ஒரே சத்தம், ஒரே சண்டை, இதைப் பார்த்தால் இரண்டு கொட்டகைதான் நல்லது போலத் தெரிகிறது என்றேன். "உங்களுக்கு எது சரியெண்டு படுதோ எழுதுங்க. எனக்கு ஒண்டுமில்ல" என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எவ்வளவு பக்குவமான பெண் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு ஊரும் இந்தக் கொட்டகையைவிட எவ்வளவோ மேல் என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் கொட்டை மூட்டை வரவில்லை, கொட்டகைக்கு லீவு. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற வடலூர் சபைப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் மேரி. பஸ்ஸில் காற்று நன்றாக அடித்தது, தூங்கிவிட்டேன். கண் விழித்தால் குறிஞ்சிப்பாடி. கண்டக்டர் என் பயணச்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வடலூரு வடலூருன்னு தொண்ட கிழியக் கத்திகினு வந்தனே, காது கேக்கலயா? எறங்கி எதிர்ல நில்லுங்க. தூங்கிடாதீங்க."

அறிமுகமே இல்லாத மனிதர் அப்படி உரிமையோடு ஏசியது ஏனோ நன்றாக இருந்தது. எதிர்த் திசை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வடலூரில் வரிசையில் உட்கார்ந்தேன். யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இலை போட்டார்கள், சோறு போட்டார்கள், சாம்பார் ஊற்றினார்கள். எங்கள் பக்கம் கோயில் அன்னதானத்திலும், பரீதாவின் பக்கம் கந்தூரியிலும் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம். சின்ன வயதில் அவர்கள் கந்தூரிக்கு நாங்கள் போவோம், எங்கள் திருவிழாவுக்கு அவர்கள் வருவார்கள். எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. யாரும் வராதீர்கள் என்று சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

நான்காம் நாள் கொட்டகை வாசலில் ஒரு சத்தமும் இல்லை. கட்டை மிதிபடுகிற டக் டக் ஒலி மட்டும். உள்ளே தனம் வேலை செய்துகொண்டிருந்தாள். எதிரே சுனிதா. ஃபேன் இருவருக்கும் நடுவில் சமமாக நின்றது.

"ஒங்களுக்குக் காத்து வருதுங்களா?" என்று கேட்டாள் தனம்.

"வருது. நீங்க வச்சுக்குங்க" என்றாள் சுனிதா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தாநாள் அடித்துக்கொண்டவர்களா இவர்கள்? அன்று நான் பார்த்தது ஏதோ ஒரு கெட்ட நாள், இதுதான் உண்மையான கொட்டகை என்று தீர்மானித்தேன். மனம் நிறைந்துவிட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, எழுந்து நின்று சின்னதாக ஒரு உரையே நிகழ்த்தினேன். இரண்டு மொழி, இரண்டு ஊர், ஆனால் இவ்வளவு மரியாதை, இவ்வளவு அமைதி, இதைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்தேன் என்றேன். தனத்தையும் சுனிதாவையும் கை கோத்து நிற்க வைத்துப் போனில் படமும் எடுத்தேன். இருவரும் கோத்தார்கள். மிக மரியாதையாகக் கோத்தார்கள். மற்றப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேரி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

"என்னாங்க இது? எரியற நெருப்புல இருக்கிற எண்ணெயையும் ஊத்திட்டீங்க."

நடுவில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். தனத்தின் தம்பி கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவன். மேஸ்திரி அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் நின்ற இடத்தில் மறுநாளே சுனிதாவின் புருஷனை நிறுத்தினார். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொட்டகைக்குள் வந்து யாரும் வாய் திறக்கவில்லை.

"ஆனால் சண்டை போடவில்லையே?" என்றேன்.

மேரி என்னைப் பார்த்த பார்வை, முதல் நாள் அந்தப் பெரியவர் கான்ட்ராக்ட் என்று கேட்டுவிட்டுப் பார்த்த பார்வை.

"அதாங்க பயம். சண்ட போட்டாளுங்கன்னா நாளைக்கு வருவாளுங்கன்னு அர்த்தம். இப்புடி வாங்க போங்கன்னு பேசிக்க ஆரம்பிச்சா, முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம். இந்தக் கொட்டாயில மொத ஜோடியே இவங்க ரெண்டு பேருதான். தனம் எந்திரிச்சா எங்க ஊரு பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சிடுவாங்க. அந்தாண்ட ஒரு தோப்புக்காரரு தனியா எடம் தரன்னு ரெடியா இருக்காரு. பெறவு கொட்டாயி ரெண்டு. திரும்பக் கல்லு எடுக்க எத்தினி நாளாவும்?"

உள்ளே திரும்பிப் போனபோது தனம் தன் கையைச் சாம்பலில் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது சுனிதாவிடம், "வரங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுனிதா தலையை ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சத்தத்தைப் பார்த்துப் பிரச்சினை என்று எழுதினேன், மௌனத்தைப் பார்த்துச் சமாதானம் என்று படம் எடுத்தேன். இத்தனை வருடம் எங்கள் ரோட்டில் நாங்கள் தலையாட்டிச் சுகம் விசாரித்துக்கொண்டதை நான் எந்தக் கணக்கில் எழுதியிருந்தேன்? ஏனோ பரீதாவின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. ஏன் என்று அப்போதும் பிடிபடவில்லை. மேரி பலாச்சுளை அரிந்து கொண்டுவந்து வைத்தார். இரண்டு சுளைக்கு மேல் இறங்கவில்லை.

கடைசி நாள். மாலையில் நான் கிளம்ப வேண்டும். காலையில் கொட்டகைக்குப் போனபோது சுனிதா தன் இடத்தில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே தனத்தின் பலகை காலி. தட்டும் காலி. ஒன்பதரை மணிக்குத் தனம் வந்தாள். வேலை செய்ய வரவில்லை என்பது அவள் கட்டியிருந்த புடவையிலேயே தெரிந்தது. நேராகப் போய்த் தான் உட்காருகிற பலகையைக் கையில் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். பிறகு மேரியிடம் சொல்லிக்கொள்ள நின்றாள். மேரி மூட்டையை எடை போடுகிறவர் போலக் குனிந்தே இருந்தார். உள்ளூர்ப் பெண்கள் எல்லாரும் கட்டையை மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் கெடுத்ததை நானே சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. எப்படி என்று தெரியவில்லை. சுனிதாவின் எதிரே யாரும் இல்லாமல் இருப்பதைத் தாங்க முடியாமல், வெறும் தரையில் போய் நான் உட்கார்ந்துவிட்டேன். முந்திரி எனக்குத் தெரியாததா? ஊரில் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைத்து வளர்ந்தவள். கொட்டையை வைத்தேன், மிதித்தேன். பருப்பு மூன்று துண்டு. இன்னொன்று வைத்தேன். மாவாகிவிட்டது. மூன்றாவதை விரலோடு சேர்த்து வைத்தேனோ என்னவோ, ஓட்டுப் பால் இரண்டு கையிலும் தெறித்தது. கையில் எண்ணெய் பூசவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. விரல் நுனிகள் திகுதிகுவென்று எரிந்தன.

"ஐயோ ஐயோ! எழுந்திரும்மா!" பலகை தொப்பென்று கீழே விழுந்தது. தனம்தான். "வெறுங்கையோட யாராச்சும் கொட்டையைத் தொடுவாங்களா? கேரளாவுல இதத்தான் கத்துக் குடுத்தாங்களா?"

அதற்குள் சுனிதா என் வலது கையைப் பிடித்து இழுத்து, தன் சீசாவைக் கவிழ்த்தாள். கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. தனம் என் இடது கையைப் பிடித்தாள்.

"அத ஏன் ஊத்தற? இன்னும் எரியும். விளக்கெண்ண போடு!"

"போடி! உன் எண்ணெ ஆமை மாதிரி. இது சீக்கிரம் கேக்கும்!"

"யாரப் போடிங்கற? வந்த எடத்துல உனுக்கு வாயப் பாரு. எடம் குடுத்தா எல்லாத்தையும் புடிங்கிப்பீங்கடி! என் தம்பி நின்ன எடத்துல உன் புருசன் போயி நிக்கறான், நீ இங்க வந்து குந்திகினு எண்ணெ ஊத்தற!"

வந்துவிட்டது. என் இரண்டு கையையும் ஆளுக்கொருத்தி பிடித்திருந்தார்கள். நான் நடுவில்.

சுனிதாவும் கத்தினாள். "எனக்குத் தெரியுமா? மேஸ்திரி கூப்பிட்டான், இவர் போனார். யார் இடம், சொன்னானா? இல்ல! முந்தாநேத்து ராத்திரிதான் தெரியும். நான் அழுதேன், அவர் சாப்பிடல. நீ காலைல வந்து கேளு! சுனிதா, ஏன் இப்படின்னு கேளு! அடி! கேக்காம எனக்கு வாங்க, போங்க. நான் யாரு உனக்கு? ஆபீசரா?"

தனம் என் இடது கையில் விளக்கெண்ணெயைக் கவிழ்த்தாள். "நீ வந்து சொல்ல வேண்டியதுதான?" என்றாள். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"எப்படிச் சொல்றது? நீதான் முகம் காட்டல!"

இன்னும் கால் மணி நேரம் நடந்தது. மேஸ்திரிக்கும் ஏச்சுக் கிடைத்தது, தனத்தின் தம்பிக்கும் கிடைத்தது, சுனிதாவின் புருஷனுக்கும் கிடைத்தது. நடுவில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சாயங்காலம் சுனிதாவின் புருஷனையும் கூட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் போய் நாலு கேள்வி கேட்பது என்று மட்டும் கத்தலுக்கு நடுவில் முடிவானது. எப்போது முடிவானது, யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. தனம் கீழே கிடந்த பலகையைக் காலால் தள்ளி, அதன்மேல் நல்ல புடவையோடு உட்கார்ந்தாள். "ஃபேன இந்தாண்ட திருப்பு" என்றாள்.

"திருப்ப மாட்டேன்" என்றாள் சுனிதா.

மேரி நிமிர்ந்து சிலுவையைத் தொட்டுக்கொண்டார். கட்டைகள் மறுபடியும் மிதிபட ஆரம்பித்தன.

பஸ் நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பத்து விரலும் வீங்கியிருந்தன. சுனிதாவின் குரல் காதைவிட்டுப் போகவில்லை. கேக்காம எனக்கு வாங்க, போங்க. போகட்டுமா என்று பரீதாவிடம் நான் கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னை ஒரு முறைகூட ஏசியதில்லை. அறிந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது என்னை ஏசிக்கொண்டிருந்தவள். அதைப் போய்ப் பக்குவம் என்று நினைத்தேனே. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தொலைபேசியை எடுத்தேன்.

"சொல்லுங்க ரஜனி. பயணமெல்லாம் நல்லமா?" என்றாள் பரீதா.

"பரீதா, என்னோட கோவமா?"

"சீ, எனக்கென்ன கோவம். நல்லபடியா வந்து சேருங்க."

எப்படி உடைப்பது என்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அப்ப சரி. ஒரு கொட்டகைதான் எண்டு எழுதப் போறன். நீ சும்மா அலைய வேணாம், உண்ட ஒப்பத்தையும் நானே வெச்சிடுறன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை.

"உனக்கென்ன பைத்தியமாடி?"

கண்ணை மூடிக்கொண்டேன்.

"எண்ட ஒப்பத்த வைக்க நீ யாரு? ஒராளுக்குத்தான் எடமெண்டா, ரெண்டு பேரும் இருந்து கதைச்சி, மறுகாத்தானே ஓமெண்டு சொல்லணும்? எங்கட பொம்புளையள் எண்ட மூஞ்சியப் பார்த்துக் கேட்டாளுகள், அவள் மட்டும் போறாள், உன்ன ஏன் கூட்டிப் போகல்ல எண்டு. நான் என்னத்தச் சொல்ல? உண்ட கண்ணால மட்டும் பார்த்திட்டு வந்து எங்கட ஊருக்கும் சேர்த்து எழுதுவியா? வெக்கமில்ல உனக்கு?"

"பிழைதான் பரீதா. கேட்டிருக்க வேணும்."

"வாயப் பொத்து! நான் இன்னும் முடிக்கல்ல."

அவள் முடிக்கவில்லை. நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. கடலை விற்கிறவர் இரண்டு தரம் என்னைக் கடந்து போனார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் போய், கடுகெண்ணெய்க் கை கண்ணில் பட்டு இன்னும் அதிகமாக வழிந்தது. அவள் என் பெயரைச் சொல்லி, என் புத்தியைச் சொல்லி, போன வருடம் நான் செய்த பிழையையும் தேடி எடுத்து ஏசினாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஒரு கொட்டகையெண்டா ஒரு கொட்டகைதான். நீ வா, இருந்து எழுதுவம். ஆனா காத்தாடிக்குக் கீழ நான்தான் இருப்பன், இப்பவே சொல்லிட்டன்."

அந்தக் கொட்டகைக்கு இன்னும் அத்திவாரம்கூட வெட்டவில்லை.

"அதெப்பிடி?" என்றேன், பஸ் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.